பாதியில் நின்ற போர்வை

“கிட்ட வராத நைனா! ஆத்தா வந்துகிறா!” என்று மகனைப் பார்த்துக் கத்திக்கொண்டே குப்பம்மா வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். உள்ளறையில் கிடந்த ராஜாத்தி சுவரோரம் சுருண்டுகொண்டாள்.

விடிந்ததும் அவள் கழுத்தில் நாலைந்து சிவந்த தடிப்புகளைக் கண்டுபிடித்தது மாமியார்தான். கண்ட கையோடு அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். அழுதழுது ராஜாத்திக்கு உடம்பு வேறு சுட்டது.

“பத்து மணிக்குக் கப்பல்மா! டிக்கெட்டு எடுத்தாச்சு. அவளப் போத்தி இட்டாந்துடு!” என்றான் புருஷன் கிருஷ்ணப்பன்.

ரங்கூனில் அரிசி மில் மேஸ்திரி அவன். அங்கே இரண்டு வருஷமும் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனான். ஜன்னல் திறந்திருந்தால் அன்றைக்கு அடி. தாயில்லாப் பெண் என்பதால் பிரசவத்துக்கு ராயபுரத்து மாமியார் வீட்டுக்கே வந்தாள். பிள்ளை தங்கவில்லை.

செத்த பிணமாய்க் கிடந்தவளை எழுப்பி உட்கார வைத்தவர்கள் இரண்டு பேர். கான்வென்டில் தையல் படித்த எதிர்வீட்டுப் பிலோமி, துண்டுத் துணிகளைக் காகித அச்சு வைத்து ஒரே அளவாக வெட்டி ஒட்டுப் போர்வை தைக்கச் சொல்லிக்கொடுத்தாள். வலை பின்னும் கெங்கம்மாவோ, “ஊசிய மெரட்டாதடி, அதும் போக்குல வுடு” என்று அதட்டி, அவிழாத முடிச்சு போடக் காட்டினாள். ஆறு மாசத்தில் போர்வை பாதி வளர்ந்தது. ராஜாத்திக்குச் சிரிக்கவும் வந்தது.

போன வாரம் கிருஷ்ணப்பன் வந்து நின்றான். “இட்டுக்கினு போ, எம் பொறுப்பு தீந்துது” என்று டிரங்குப் பெட்டியை இழுத்து வைத்தவள் குப்பம்மா. போர்வையைச் சுருட்டிப் பரணில் எறிந்ததும் அவளேதான்.

போனால் அவன் கையால் சாவு, இருந்தால் ஆத்தா கையால் சாவு. இதற்குத்தானா பிறந்தோம் என்று ராஜாத்தி சுவரில் முட்டிக்கொண்டாள்.

வெளியே குப்பம்மா சொல்வது கேட்டது. “கப்பல் டாக்டரு இவ கழுத்தப் பாத்தா உன்னியும் சேத்து எறக்கி வுட்ருவான். வேல பூடும். நீ கெளம்பு நைனா, தண்ணி ஊத்தினப்பறம் பாத்துக்கலாம்.”

வேலை போய்விடும் என்றதும் பெண்டாட்டி ஆசை பறந்துவிட்டது அவனுக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜட்கா ஏறிவிட்டான்.

எவ்வளவு நேரம் போனதோ! கடுகு தாளிக்கும் வாசனை கமகமவென்று வந்தது. ஆத்தா வந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள்; இது யார் வீட்டு அடுப்போ, அவர்களாவது நன்றாக இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதியது. அது ஓயும்வரை காத்திருந்ததுபோல் தாழ்ப்பாள் விலகியது. குப்பம்மா உள்ளே வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பிலோமியும் கெங்கம்மாவும்.

ராஜாத்தி பதறிப்போய்ச் சுவரோடு ஒண்டினாள். “ஐயோ, உள்ள வராதக்கா! உங்களுக்கும் தொத்திக்கும்!”

குப்பம்மா வாசல் வேப்பிலையைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“கொசுக்கடி தொத்துமாடீ?”