உபவேந்தரின் கையெழுத்து

"கொழும்புக் கல்விக் கந்தோரிலயிருந்து வாறன். உபவேந்தர் ஆர்?"

வெள்ளைக் காற்சட்டையில் ஓர் இளைஞர் வந்து நின்றார். கல்வி அலுவலகம் என்றதும் பாக்கியரத்தினம் பட்டப் பத்திரக் கட்டைக் கதிரைக்குக் கீழே தள்ளினார். கீழே அரிசிக்கடை, மேலே ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும், இருக்க நாலு கதிரை. அதுதான் அவருடைய பல்கலைக்கழகம்.

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது பாக்கியரத்தினத்தின் கிளாக்கர் வேலையும் போனது. மனுசன் அசரவில்லை. அடுத்த மாதமே தன்னைத்தானே உபவேந்தராக நியமித்துக்கொண்டு, தபாலில் பி.ஏ. வழங்கத் தொடங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் வெற்றுப் பத்திரங்களில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போடுவார். பெயர்களை மகள் இராசமலர் பிறகு நிரப்புவாள்.

அந்தப் பட்டத்தின் மகிமையை அவரே நம்பியதுதான் வேடிக்கை. போன மாதம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒரு பெடியனுக்காகத் தரகர் பெண் கேட்டு வந்தார். "பட்டதாரி இல்லாட்டி ஏலாது" என்று, பெடியனின் பெயரைக்கூடக் கேளாமல் விரட்டிவிட்டார்.

வந்தவர் ஒரு பத்திரத்தை விரித்தார். "இது உங்கட கையெழுத்தோ?"

"ஓ... ஓம்."

"பட்டம் பொய்யெண்டால் மறியலில கம்பி எண்ணவேணும். தெரியுமோ?"

இராசமலர் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கேளாமலே மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். வந்தவர் ருசித்துக் குடித்தார்.

பத்திரத்திலிருந்த பெயரை எட்டிப் பார்த்ததும், புளுக ஒரு பெயர் கிடைத்த துணிவு உபவேந்தருக்கு வந்துவிட்டது.

"பொய்யோ? ஈச்சிலம்பற்று இராசதுரை, ஐயா! எங்கட தங்கப் பிள்ளை. நானே முன்னால இருத்திச் சோதினை வைச்சனான்."

"நேரில கண்டால் ஆளைத் தெரியுமோ?"

"ஆயிரம் பேருக்குள்ள விட்டாலும் பிடிச்சுத் தருவன்!"

"குணம் எப்பிடி?"

"கோணேசர் மேல ஆணை! அப்பிடி ஒரு பட்டதாரி வந்து கேட்டால், என்ர மகளைக் கண்ணை மூடிக்கொண்டு குடுப்பன்."

இராசமலர் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். வந்தவர் பத்திரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எழுந்து உபவேந்தரின் காலில் தடாலென்று விழுந்தார்.

"நாள் பாருங்கோ மாமா, கிரேன் ஓட்டுற இராசதுரை நான்தான்."