மாப்பிள்ளை போட்ட விபிஎன்

வீட்டிலிருந்து மட்டும்தான் லாகின் செய்ய வேண்டும், வேறு ஊரிலிருந்து செய்தால் வேலை போய்விடும் என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை அசரவில்லை. வீட்டு ரௌட்டரில் விபிஎன் போட்டார். இனி எந்த ஊரில் லேப்டாப்பைத் திறந்தாலும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகவே ஆபீசுக்குத் தெரியும். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

மறுநாள் வெளியூரில் மாமியார் வீட்டு சோபாவில் சாய்ந்தபடி லேப்டாப்பைத் திறந்தார். கனெக்ட் ஆகவே இல்லை.

“நம்ம வீட்டு ரௌட்டருக்கு என்ன கேடு?”

“நான்தாங்க மெயின் சுவிட்சை அணைச்சுட்டு வந்தேன்,” என்றாள் மனைவி. “பத்து நாளைக்கு எதுக்கு அது வெட்டியா ஓடணும்?”

அதற்குள் மேனேஜர் போனில் வந்துவிட்டார். “என்ன, ஆளையே காணோம்?”

“வீட்ல கரண்ட் இல்ல சார்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மேனேஜரும் உடனே நம்பிவிட்டார்.

“அடடா. லேப்டாப்பைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்க. ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கேன்.”