கைப்பையில் இருந்த சோடி

தனக்கு முன்னால் வைத்த முள்ளுக்கரண்டியைச் சந்திரவதனா மெல்ல ஒதுக்கி வைத்தாள்.

கைப்பையைத் திறந்து ஒரு துணியுறையை எடுத்தாள். உறைக்குள்ளிருந்து தட்டையான இரண்டு எவர்சில்வர் குச்சிகள் வெளியே வந்தன.

கிளென் வேவர்லியில் அந்தச் சீனச் சாப்பாட்டுக்கடையில் அன்று அவள் கணவர் ஜெயரட்ணத்துக்குப் பிரியாவிடை விருந்து. கந்தோரில் கூட வேலை செய்தவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு ஓய்வு.

அவள் குச்சிகளை விரல்களுக்குள் பொருத்தினாள். வழுக்கும் நூடில்ஸை ஒரு இழைகூடச் சிந்தாமல் அள்ளி வாயில் வைத்தாள்.

ஜெயரட்ணம் பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் சொப்ஸ்டிக் பிடித்து அவர் கண்டதில்லை.

மேலதிகாரி அவளைப் புகழ்ந்தார். இது கொரியாக்காரர் பிடிக்கிற மாதிரி, எங்கே போனாலும் கொண்டுதான் போவேன் என்று அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

கொரியா.

மகள் வாணி ஒரு கொரியப் பையனைக் கட்டிக்கொண்டு போன பிறகு, அந்த நாட்டின் பெயரையே யாரும் வீட்டில் எடுத்ததில்லை. வாணியின் பெயரையும்தான்.

கேக் வெட்டினார்கள். அவர் நன்றி சொன்னார். என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் ஏறி உட்கார்ந்தவர், காரை எடுக்கவில்லை.

"ஆர் உமக்கு இதைப் பழக்கினது?"

"வாணி வீட்டிலை பழகினனான். புதன்கிழமையிலை வெரிபீக்குப் போறனான்."

குரலில் நடுக்கமில்லை. நகரத்தின் மறுகோடிக்கு இரண்டு ரயில் மாறி, அவர் வேலைக்குப் போன புதன்கிழமைகளில் போய்வந்திருக்கிறாள். இனி அவர் வீட்டிலேயே இருப்பார். ஒளித்துப் போக வழியில்லை. அவர் சத்தம் போட முடியாத இடமாகப் பார்த்துத்தான் அவள் அந்த உறையை எடுத்திருக்கிறாள்.

இப்போது யாருமில்லை. சத்தம் போடலாம். வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"அவளே பழக்கினவள்?"

"இல்லை. பேரன். வாற மாசம் அவனுக்கு அஞ்சு வயசு."

பேரன் ஒருத்தன் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

எதிரே ஒருத்தி பிள்ளையைக் காரில் ஏற்றிப் பட்டி போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை திமிறியது. அந்தக் கார் போய் மறையும்வரை ஜெயரட்ணம் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"வாற புதன் நானும் வரட்டே?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கையாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் நேராகச் சொன்னவள், இப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மப்பா ஏன் வாறேல்லை எண்டு ஒருநாள் கேட்டவன். செத்துப்போனார் எண்டு சொல்லியாச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாணிக்கு அவ்வளவு கோபமா என்று முணுமுணுத்தார்.

"வாணி சொல்லேல்லை" என்றாள் சந்திரவதனா. "நான்தான் சொன்னனான்."