முன் வரிசைக் குஞ்சு

கரிக்காலிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆனாலும் கோழி டீச்சர் பெரிய மனசு பண்ணி, மற்ற குஞ்சுகளோடு அவளையும் வகுப்பில் சேர்த்துக்கொண்டாள்.

பாடம் ஒன்றுதான். கூட்டு வாசலில் நின்று டீச்சர் கத்தினால் பருந்து வருகிறது என்று அர்த்தம். உடனே எல்லோரும் பின்னாலிருக்கும் முள்புதருக்குள் ஓடிவிட வேண்டும்.

கரிக்காலி, பக்கத்தில் நிற்கும் புள்ளியனின் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் கிளம்பினால் இவளும் ஓடுவாள். ஒருநாளும் பிந்தியதில்லை.

டீச்சர் ஒருநாள் அதைக் கவனித்துவிட்டாள்.

"காப்பியா அடிக்கிறே?"

"டீச்சர், என் காலுதான் அவளுக்குக் காது" என்றான் புள்ளியன்.

"நீ வாயை மூடு. என் வகுப்புல எல்லாரும் ஒண்ணுதான். யாருக்கும் தனிச் சலுகை கிடையாது."

கரிக்காலியை அலகால் தள்ளிக்கொண்டுபோய், எல்லோருக்கும் முன்னால் தனியாக நிறுத்தினாள்.

மறுநாள் பருந்து வந்தது. டீச்சர் தொண்டை கிழியக் கத்தினாள். குஞ்சுகள் பின்பக்கம் பாய்ந்தன. புதருக்குள்ளிருந்து புள்ளியன் மண்ணை உதைத்து உதைத்துக் காலை ஆட்டினான்.

கரிக்காலி திரும்பவில்லை. டீச்சர் தன்னையே பார்த்து இவ்வளவு நேரம் பேசுவது இதுதான் முதல் தடவை. பாராட்டுகிறாள் என்று நினைத்து, கழுத்தை நன்றாக நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.