ஒரு புட்டிக்கு எத்தனை கரண்டி?

"முப்பது மில்லி தண்ணிக்கு ஒரு கரண்டி பால் பவுடர். நூத்தி இருபது மில்லிக்கு எத்தனை கரண்டி? கடைசி பெஞ்சு, நீ வா."

கணக்கு டீச்சர் கரும்பலகையில் வரிசையாக நாலு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் முப்பது என்று எழுதினார். முதல் கட்டத்துக்குக் கீழே கரண்டிக்கு ஒரு வட்டம். மிச்ச வட்டத்தைக் கடைசி பெஞ்சுக்காரி போட வேண்டும்.

அவள் எழுந்து வந்தாள். இன்னும் ஒரே ஒரு வட்டம் போட்டாள்.

"ரெண்டு டீச்சர்."

வகுப்பே சிரித்தது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? நாலு கட்டம் கண்ணு முன்னாடி நிக்குது, ரெண்டுங்கற?"

"எங்கம்மா ரெண்டுதான் போடுவாங்க டீச்சர்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. அவருடைய கைக்குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது இவளுடைய அம்மாதான். "எடை ஏறவே இல்லையே, என்னதான் குடுக்கறீங்க?" என்று டாக்டர் நேற்றுதான் கடிந்துகொண்டிருந்தார்.

"அதானே பார்த்தேன்! மீதி ரெண்டு கரண்டி எங்கடி போகுது? உன் வயித்துக்குள்ளயா?"

"சத்தியமா நான் தொட்டதே இல்ல டீச்சர்."

"பச்சைக் குழந்தை வாயில போற பாலைத் திருடறீங்களே, உருப்படுவீங்களா? நாளையிலேருந்து உங்கம்மா என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. போய்ச் சொல்லு!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பேசினாள்.

"அம்மா திருடல டீச்சர். போன மாசம் பவுடர் டப்பா சீக்கிரம் காலியாயிடுச்சுன்னு நீங்கதான் அவங்களைத் திருடின்னு சொன்னீங்க. பாப்பா வளர்ந்துட்டா, நிறைய குடிக்கறான்னு அம்மா எவ்வளவோ சொன்னாங்க. நீங்க காதுலயே வாங்கல. இனிமே ஒரு டப்பா மாசம் பூரா வந்தாகணும்னீங்க. மறுபடியும் அந்தப் பேச்சு கேக்க வேணாம்னுதான் அம்மா தண்ணியா கலக்கறாங்க. கலக்கிட்டு, அழறாங்க."

டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்தார்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"பாப்பா அரைப் புட்டி குடிச்சப்பவும் ஒரு டப்பா. முழுப் புட்டி குடிக்கறப்பவும் அதே ஒரு டப்பாதான்னா, அதுக்கு எப்படி டீச்சர் கட்டம் போடறது?"