நத்தைக்குப் பாலாபிஷேகம்

"மூணேகால் ரூபா குடுத்துப் பெருமாளை வாங்கிட்டுப் போனேன். இப்பச் சொல்லுங்க அண்ணே, இது பெருமாளா, நத்தையா?"

சாளக்கிராமம் என்று வாங்கிப்போன சுருள் கல்லைச் சுந்தராம்பாள் கல்லாப்பெட்டி மேல் டொக்கென்று வைத்தாள்.

பூஜைச் சாமான் கடை நல்லுசாமி பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என்ன பேச்சு இது! சக்கரம் எப்படிச் சுத்திக்கிட்டுப் போவுது பாருங்க. மனுசன் கை செதுக்குனதா இது?"

"நத்தை முதுகுலயும் அப்படித்தான் சுத்துது. பேப்பர்லயே வந்துருச்சு. ஆதியில நம்ம அரியலூர் கடலுக்கடியில கெடந்துச்சாம். சுண்ணாம்புக் குழியில அகப்படற சுருள் கல்லெல்லாம் நத்தை மாதிரி ஏதோ கடல் பிராணியாம். எங்க வூட்ல முட்டைகூடச் சேக்கறதில்லை. மூணு மாசமா நத்தைக்குப் பாலாபிஷேகம் பண்ணியிருக்கேன்!"

"அரியலூர்ல கடலா? சித்திரை வந்தா கால் கழுவத் தண்ணி இல்லை, கடலாம்! அப்படின்னா உப்புக்கு ஏன் வேதாரண்யம் வண்டியை எதிர்பாத்துக்கிட்டு நிக்கிறோம்? இதே பேப்பர்காரன்தான், சந்திரனுக்கு ரேடியோ அலையை அனுப்புனாங்க, ரெண்டரை செகண்டுல திரும்பி வந்துச்சுன்னு தை மாசம் போட்டான். லால்குடியில இருக்கற என் மச்சானுக்குத் தந்தி அடிச்சா நாலு நாள் ஆவுது!"

"தந்தி அன்னிக்கே போயிருக்கும். உமக்குப் பதில் போடறதா வேண்டாமான்னு அவருக்கு நாலு நாள் யோசனை!" என்று எதிர்ச் சாரியிலிருந்து குரல் வந்தது.

ஸ்டேஷன் பார்சல் குமாஸ்தா ஆண்டவர். மெட்ராஸ் ரயிலில் வரும் பேப்பரைக் காபிக் கடை வாசலில் நின்று உரக்கப் படிப்பது அவர் வழக்கம். இந்தச் செய்தியைக் காலையிலிருந்து அவர்தான் படித்துக்கொண்டிருந்தார்.

"விஞ்ஞானம் பொய் சொல்லாதுய்யா. நத்தை நத்தைதான்!"

"இனிமே பேப்பரோட என் கடைப் பக்கம் வந்தே, அதைக் கிழிச்சுச் சூடம் மடிச்சுருவேன்!" என்று கத்தினார் நல்லுசாமி.

கத்தமாட்டாரா? ஐப்பசியிலிருந்து அவர் விற்றது இருபத்துமூன்று. அத்தனையும் திரும்பி வந்தால் எழுபத்தைந்து ரூபாய்க்குக் கால் ரூபாய் குறைவு. கடையின் பெயரும் கூடவே போகும்.

அந்தக் கடைவீதியில் ஊசிக்கும் நூலுக்கும் பேரம் உண்டு, சாமிக்குக் கிடையாது. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போக வேண்டும். அப்படி வாய் திறக்காமல் கொடுத்த மூன்றேகால்தான் இப்போது ஒவ்வொருவருக்கும் உறுத்தியது.

"விக்கறப்போ பேரம் பேசலை. வாங்கறப்பவும் பேச மாட்டேன். இந்தாங்க, மூணேகால்" என்றார் நல்லுசாமி, எண்ணி வைத்து.

இரண்டரையாவது வாங்கிவிட வேண்டும் என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்திருந்த சுந்தராம்பாளுக்குச் சப்பென்று போய்விட்டது.

அடுத்து வந்த கொளஞ்சியப்பன் கையில் இரண்டு கல். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் சம்பந்திக்கு. அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்? பேசாம மருதையாத்துல விட்டெறிஞ்சுரலாம்னுதான் கெளம்புனேன்."

நல்லுசாமி எழுந்தே நின்றுவிட்டார். "ஐயையோ! ஆத்துல போட்டா குடும்பத்துக்கு ஆவாது. இங்கயே குடுத்துருங்க. நான் பூசை பண்ணிக்கறேன்."

உச்சிப் பொழுதுக்குள் திருமானூர் பஸ்ஸில்கூட ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவரிடமும் பெருமாள்தான், பெருமாள்தான் என்று சாதித்தார் நல்லுசாமி. அவர் சாதிக்கச் சாதிக்க, வந்தவர்கள் நத்தைதான் என்று காசை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக வந்தாள், கீரை விற்கும் வீராயி. சிறுவாடு சேர்த்து வாங்கிய கல் மடியில் இருந்தது.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க மொதலாளி. எனக்குப் பேப்பரும் தெரியாது, கடலும் தெரியாது. நீங்க சொல்லுங்க, இது சாமிதானா?"

சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்த்தது. நல்லுசாமி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சாமிதான் வீராயி."

"இது போதும்" என்று கல்லைக் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டு அவள் நடந்தாள். எடுத்து வைத்திருந்த மூன்றேகால் ரூபாயைக் கையில் பிடித்தபடி நல்லுசாமி அவள் போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலரை மணிக்கு ஸ்டேஷன் பார்சல் ஜன்னலில் ஒரு சாக்கு மூட்டை வந்து இறங்கியது. ஆண்டவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எட்டுத் தடவை படிச்சேன்யா. தொண்டை கட்டிப்போச்சு."

"நீ படிச்சு யாரு வந்தா? நான் மறுத்ததாலதான் அத்தனை பேரும் நம்புனாங்க" என்றார் நல்லுசாமி. "சீட்டை எழுது. மெட்ராஸ் காலேஜ் புரொபசருக்கு. சுருளு ஒண்ணுக்கு இருபது ரூபா தரேன்னு போன வாரம் கடுதாசி போட்டாரே, அவருக்கேதான்."

ஆண்டவர் எண்ணிப் பார்த்தார். "இருபத்திரெண்டுதான் இருக்கு?"

"பெருமாளாப் போனது இருபத்திமூணு, நத்தையா வந்தது இருபத்திரெண்டு" என்று பெருமூச்சு விட்டார் நல்லுசாமி. "ஊர்லயே என் பேச்சை நம்புனவ ஒருத்தி. அவகிட்ட பாக்கி ஒண்ணு."