கலைந்த முகம்

கனடாவின் வின்னிபெக் நகர ஆவணக் காப்பகத்து மேசையில், சன்னல் வழி வரும் பனி வெளிச்சத்தில், ஒரு பழைய புகைப்படம் கிடக்கிறது. ரோமத்தோல் வியாபாரி, பாதிரியார், காலடியில் நாய். ஓரத்தில் வியாபாரியின் மனைவி, க்ரீ பழங்குடிப் பெண்; அவள் முகம் மட்டும் புகையாய்க் கலைந்திருக்கிறது. அவளுடைய கொள்ளுப்பேத்தி வெரோனிக், படத்துக்கு அடியில் எழுதியிருப்பதை விரலால் தடவுகிறாள். “நாய்க்குக்கூடப் பேர் போட்டிருக்கான் பாருடி. இவ வெறும் ‘மனைவி’யாம்.” “அந்தக் காலத்துக் கேமராவுக்குக் கல்லாட்டம் நிக்கணும்க்கா. ஆடாம இருந்திருந்தா முகமாச்சும் மிஞ்சியிருக்கும்,” என்கிறாள் தங்கை ஒடீல். “எப்படி நிப்பா? யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க, திரும்பிட்டா.” ஒடீல் படத்தை அக்காவின் பக்கம் நகர்த்துகிறாள். சன்னல் கண்ணாடியில் பனி உரசுவது மட்டும் கேட்கிறது. வெரோனிக் மூச்சுக்கூட விடாமல் குனிந்து, அந்தக் கலைந்த முகத்தருகே காதைக் கொண்டுபோகிறாள்.